மழைக்கு முன்னர் வந்திருக்க வேண்டிய காசு

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆறு கரைமீறி, கண்டாவளைப் பக்கத்துக் கிராமங்களுக்குள் தண்ணீர் ஏறிய அந்த விடியற்காலையில், எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் 11,000 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்தது. நான் அப்போது சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். அந்தக் காசைக்கூட எடுக்க வழியிருக்கவில்லை. அன்று சனிக்கிழமை, போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளும்கூட. பாடசாலை விடுமுறை என்பதால் மண்டபத்தின் திறப்பு அதிபரிடம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் இருந்தது.

ஒன்பது மணிக்குள் 160 பேருக்கு மேல் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையார் கோவிலிலிருந்து இரண்டு கிடாரங்களைத் தூக்கி வந்தோம். விறகு முழுவதும் நனைந்திருந்தது. கால் உடைந்து மூலையில் கிடந்த வாங்கு ஒன்றைக் கொத்தி, தேங்காய்ச் சிரட்டையும் மண்ணெண்ணெயும் சேர்த்து, அரை மணித்தியாலம் ஊதிய பின்னர்தான் அடுப்புப் பற்றியது. முதலில் பிள்ளைகளுக்குக் கஞ்சி, பிறகு மற்றவர்களுக்குச் சோறும் பருப்பும். அரிசியும் பருப்பும் சந்திக் கடையிலிருந்து வந்தன. கடைக்காரரின் சொந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நேரத்தில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "காசைப் பிறகு பார்ப்பம் பிள்ளை, முதல்லை அரிசியைக் கொண்டு போங்கோ."

நான்கு நாள்களில் அவருடைய கொப்பியில் எங்கள் சங்கத்தின் பெயரில் 86,450 ரூபா ஏறியிருந்தது.

தை மாதத்தில் அவசர உதவி மானியம் வழங்கப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் சொல்லிக் குறைகூறுவது என் நோக்கமல்ல. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கை வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடைகளின் விலைக்கூற்று வேண்டும் என்றார்கள். அவற்றையெல்லாம் எப்படியோ சேர்த்துக்கொண்டு போன பிறகுதான், ஏற்கெனவே செலவழித்த காசுக்கு இந்த மானியத்தில் இடமில்லை என்பதைச் சொன்னார்கள். பசித்தவர்களுக்குப் பசித்த நேரத்தில் சமைத்துப் போட்டதே எங்கள் தகுதியின்மையாகப் போயிற்று. கடைக்காரரின் கடனை, வெளிநாட்டிலிருந்த இரண்டு மூன்று பேரின் உதவியோடும் மிச்சத்தைச் சீட்டுப் பிடித்தும், ஐந்து மாதத்தில் கட்டி முடித்தோம்.

இதை ஒரு பழைய மனக்குறையாக மட்டும் யாரும் படித்துவிட்டுப் போகக் கூடாது. அடுத்த மாரியில் சங்கத்துக்குள் எழுந்த முதற்பேச்சு, "போனமுறைக் கடன் மாதிரி ஆகிவிடக் கூடாது" என்பதாக இருந்தது. பின்னுக்கு வரும் காசு இப்படித்தான் ஒரு கிராமத்தின் கையைத் தயங்க வைக்கிறது. அனர்த்தத்தில் முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலங்களைத் தாங்குவது அந்தக் கைதான் என்பதால், அவசர உணவுக்கும் தங்குமிடத்துக்குமான நிதி மழை தொடங்குவதற்கு முன்னரே பிரதேச மட்டத்தில் வந்து தங்கியிருக்க வேண்டும், அதை யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமையும் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

எங்களிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது; அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டந்தோறும் இயங்குகிறது; 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பதில் கிடைக்கிறது. கிராம அலுவலர்கள் இடுப்பளவு தண்ணீரில் பதிவேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அவர்களில் பிழையில்லை. ஆனால் பதிவு முடிந்து, பட்டியல் மேலே போய், ஒதுக்கீடு கீழே இறங்குவதற்கு நாள் எடுக்கிறது. வயிறு அந்த நாள்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு முதல் அவசர உணவு மற்றும் தங்குமிடத் திட்டம் என்ற ஒன்று இருந்து வருகிறது. அது வெள்ளத்துக்கான நிதியல்ல. வேலையிழந்து, வாடகை கட்ட முடியாமல், உணவுக்கு வழியில்லாமல் நிற்பவர்களுக்கானது. ஆகவே அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் அதன் அமைப்பு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 'பெமா' (FEMA) என்ற மத்திய அரச அனர்த்த முகாமைத்துவ நிறுவனம் தலைமை தாங்க, செஞ்சிலுவைச் சங்கம், இரட்சணிய சேனை, கத்தோலிக்க, யூத, புரட்டஸ்தாந்து அமைப்புகள், யுனைடெட் வே ஆகியன ஒரு தேசிய சபையாக அமர்கின்றன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பது, அங்கே வேலையில்லாதோர் எத்தனை, வறுமையில் உள்ளோர் எத்தனை என்ற கணக்கின்படி தீர்மானிக்கப்படுகிறது. அந்தப் பகுதிக்குள் எந்தச் சமையலறைக்கு, எந்தத் தங்குமிடத்துக்குக் காசு போக வேண்டும் என்பதை அங்குள்ள உள்ளூர்ச் சபையே முடிவு செய்கிறது. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்புகளின் கையைப் பலப்படுத்துவதற்கே அந்தக் காசு. புதிதாக ஒன்றைத் தொடங்கிக் காட்டுவதற்கு அல்ல. நிருவாகச் செலவு 5 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த உள்ளூர்ச் சபையில் வீடற்றவராக இருக்கும் அல்லது இருந்த ஒருவரும் இடம்பெற வேண்டும் என்ற ஏற்பாட்டைப் படித்தபோது நான் சற்று நேரம் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

வன்னியில் அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்து, ஒரு நேரச் சோற்றுக்கும் ஒரு வாளித் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. வரிசை எங்கே குழம்பும், கைக்குழந்தைக்காரி எந்த நேரத்தில் பின்னுக்குத் தள்ளப்படுவாள், மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சம் இல்லாவிட்டால் குமர்ப்பிள்ளைகள் எப்படித் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் தயாரிக்கப்படும் எந்தத் திட்டமும் எனக்குக் குறையாகவே படுகிறது.

பிரதேச செயலகத்தின் கீழ் ஒரு சிறிய நிதிக்குழு அமைந்தால் போதும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கரையோரமென்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஆள்கள் வரட்டும். பிரதேச சபையும் இருக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் அந்தச் சபைகள் கிடந்ததை நாம் மறக்கவில்லை. புரட்டாதி முடிவதற்குள் ஒரு தொகை கூட்டுறவுச் சங்கக் கடையில் வரவு வைக்கப்பட்டால், மழை வந்த அன்றே சங்கத் தலைவியின் ஒரு கையெழுத்தோடு அரிசி வெளியே வரும். கடைப் பற்றுச்சீட்டும், சாப்பிட்டவர்களின் பெயர்ப் பட்டியலும் பின்னர் கணக்காய்வுக்குப் போகட்டும். மழை பெய்யாத வருடத்தில் தொகை அப்படியே இருக்கும்.

காசைக் கிராமத்தில் வைத்தால் களவு போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு, சில இடங்களில் அப்படி நடந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சோறு எத்தனை பேருக்குப் போனது என்பது அன்று அந்த மண்டபத்தில் இருந்த 160 பேருக்கும் தெரியும். தூரத்தில் வைத்துச் செலவழிக்கப்படும் காசுக்கு அப்படிச் சாட்சிகள் இல்லை.

தங்குமிடத்தைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. பாடசாலை திறக்க வேண்டும் என்பதால் ஒரு வாரத்தில் எல்லோரும் அனுப்பப்படுகிறார்கள். மண்சுவர் கரைந்துபோன கொட்டிலுக்கு ஒரு தறப்பாளோடு திரும்பும் குடும்பம், சுவர் காயும் வரை எங்கே படுக்கும்? ஒரு மாத வாடகை, பத்துக் கூரைத் தகரம், ஒரு கொத்தனாரின் நான்கு நாள் கூலி, இவற்றில் ஒன்றைக் கொடுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருந்தால், தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் உறவினர் வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் கூனிக்குறுகி இருக்க வேண்டியிராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டிப் போட்டபோது, வன்னியிலும் மறுபடி கிடாரங்கள் அடுப்பேறின. அப்போதும் முதல் மூடை அரிசி கடனுக்குத்தான் வந்தது என்று பல சங்கங்களில் சொல்கிறார்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க இருக்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் சமைத்துக் கொடுத்த சங்கங்கள், எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், கடையில் எவ்வளவு கடன் நின்றது, அதை அடைக்க எத்தனை மாதமானது என்ற மூன்றையும் எனக்கு உள்பெட்டியில் அனுப்பிவையுங்கள். கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.