படலையடியில நிண்ட நேரம்

விசுவாசம் வாயில இல்லை, மனம் மாறி கஷ்டப்படவும் ஆயத்தமா இருக்கிறதில தான் எண்டு எழுதியிருக்கிறியள் அண்ணா, முழு உண்மை. புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687ல, ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்து வச்சிருந்த காலம், கூலிக்காரன் வேஷத்தில யாழ்ப்பாணம் வந்தவர், வந்த உடன வயித்தோட்டத்தில சாகக் கிடந்தவர், பேந்து சில்லாலை எண்ட ஊரில இருந்துகொண்டு ஒளிச்சு இரவில பூசை வச்சவர். நான் தவக்காலம் முழுக்க மச்சம் தின்னாம இருந்திட்டு வேலிச் சண்டையில தம்பியோட 6 வருஷம் கதைக்கேல்லை! போன பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முடிஞ்சு நேர அவன்ர வீட்டை போனன், அவன்ர மனுசி கதவு திறக்கேல்லை, படலையடியில அரை மணித்தியாலம் நிண்டன், ரோட்டால போறவை எல்லாம் பாத்தவை, வெக்கமாத் தான் இருந்தது, ஆனா திரும்பேல்லை. இப்ப வேலிக் கதியாலை ரெண்டு அடி எங்கட பக்கம் தள்ளி நட்டிருக்கிறம்.