அப்புச்சி வாயில் இருந்த வெற்றிலை

அக்கா மகள் கோயமுத்தூரில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். குரூப் பிராஜெக்டுக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும், அதுவும் ஒரே கேமராவில் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். எடுத்து முடித்துவிட்டு, போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அரை நிமிடம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மூன்று போனை மூன்று பக்கம் வைத்து ஒரே நேரத்தில் எடுத்திருக்கிறார்கள்.

"ஒண்ணுலயே எடுத்தா ஒரே சீன நாலு வாட்டி நடிக்கோணுமுங் மாமா. இதுன்னா ஒரே வாட்டில முடிஞ்சுது. மீதிய எடிட்டுல பாத்துக்கலாமுங்."

எடிட்டில் பார்த்துக்கலாம்! கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன் நான். இந்த ஒரு வார்த்தையால் எத்தனை ராத்திரித் தூக்கம் போயிருக்கிறது என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு போனில் சுவர் மஞ்சளாக இருந்தது, அடுத்ததில் நீலமாக. மூன்றாவதில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்கு என்று பூட்டிவிட்டால் அந்தப் பட்டை வராது. போனை ஆட்டோவில் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஷட்டரை மாற்றிக்கொண்டே இருக்கும். பிரேம் எண்ணிக்கையும் நிலையாக நிற்காது, அதனால் தனியாகப் பதிந்த குரல் போகப் போக உதட்டை விட்டு விலகிவிடும்.

இதையெல்லாம்கூட மல்லுக்கட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஒரு போன் இன்னொரு போன் கண்ணில் படக்கூடாது என்று மூன்றையும் மூலைக்கு மூலை ஒதுக்கிவிட்டார்கள். ஒன்றுகூட ஆள் கிட்டே போகவில்லை. மூன்று பக்கமும் தெரிய வேண்டுமே என்பதால் விளக்கைக் கொண்டுபோய் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் வழியில்லை. கதையில் அப்பாவும் மகளும் சண்டை போடுகிறார்கள். நான் அப்பா முகத்தைப் பார்ப்பதா, மகள் முகத்தைப் பார்ப்பதா? எடுத்தவர்களே அதை முடிவு செய்யவில்லை. மூன்றையும் எடுத்து வைப்போம், அப்புறம் யோசிப்போம் என்று விட்டுவிட்டார்கள்.

கேமரா நிறைய இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு நானே மூன்று வைக்கிறேன். தாலி கட்டி முடித்ததும் சடங்கை நடத்துகிற அருமைக்காரரிடம் போய் "ஒன்மோர்" என்று கேட்க முடியுமா? வள்ளி கும்மிக்கும் அப்படித்தான், ஆட்டம் நமக்காக நிற்காது. ஆனால் கதைப் படத்தில் நடப்பதை மறுபடி நடக்க வைக்கலாம். அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ மாதிரி எடுத்தால் எப்படி?

2012இல் நாங்கள் ஆறு பேர் இதே மாதிரி ஒரு படம் எடுத்தோம். எட்டு நிமிடம். தறிக்குடோனில் ஒரு தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொள்கிற கதை. கல்லூரிக் கேமரா ஒன்று, பேட்டரி இரண்டு. சோமனூர்ப் பக்கம் நண்பனின் அப்புச்சி, அதாவது அவன் அம்மாவின் அப்பா, வைத்திருந்த குடோனில் படப்பிடிப்பு. அப்புச்சிதான் கதாநாயகன், நண்பனின் சின்னத் தங்கைதான் பேத்தி. அப்புச்சியின் ஆறு தறியோடு அக்கம்பக்கத்துக் குடோன்களும் சேர்ந்துகொண்டால், மைக்கை வாய்க்குள்ளேயே வைத்தாலும் தறிதான் பேசும்.

எங்களைக் காப்பாற்றியது மின்வெட்டு. அந்த வருடம் இந்தப் பக்கம் கரண்ட் எந்த லட்சணத்தில் இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். போனதும் ஊரே ஒரே நொடியில் அடங்கும். அதன் பிறகுதான் வேப்பமரத்தில் குயில் இருப்பதே தெரியும். ஊர் முழுக்கக் கரண்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் ஆறு பேரும் எப்போது போகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனால் வசனம், வந்தால் பேட்டரிக்குச் சார்ஜ்.

விளக்கு எரியாது. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, அதன் வழியாக இறங்குகிற வெயில்தான் வெளிச்சம். வெயில் சும்மா இருக்குமா? இரண்டு பேரும் தெரிகிற மாஸ்டர் எடுக்கும்போது அந்தச் சதுர வெளிச்சம் அப்புச்சி காலடியில் கிடந்தது. ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டுகிற சஜஷனுக்குப் போவதற்குள், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூல் மேல் ஏறிவிட்டது. முதல் நாள் வசன வரிசைப்படி அப்புச்சி ஒரு வரி, பேத்தி ஒரு வரி என்று கேமராவைத் திருப்பித் திருப்பி வைத்ததில் ஒரு மின்வெட்டே வீணாகிப்போனது. அப்புறம்தான் புத்தி வந்தது. அப்புச்சி பக்கம் பார்க்கிற ஷாட் எல்லாவற்றையும் முதலில் முடி. பிறகு ஒரே ஒரு தடவை கேமராவைத் திருப்பு, பேத்தியின் பக்கத்தை எடு. திருப்பும்போதும் இரண்டு பேருக்கும் நடுவே ஓடுகிற கற்பனைக் கோட்டைத் தாண்டாதே. தாண்டினால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது இது மண்டையில் ஏறவில்லை.

அப்புச்சி பாவம், அலுத்துவிட்டார். "ஏஞ்சாமி, சொன்னதையே எத்தன வாட்டி சொல்றது? மொத வாட்டி உங்களுக்குக் காது கேக்கலியா?"

இனி வெற்றிலைக்கு வருகிறேன். மாஸ்டர் எடுத்தபோது அப்புச்சி இடது கன்னத்தில் வெற்றிலையை அடக்கியிருந்தார். கரண்ட் வந்தது, தறி ஓடியது, அவர் துப்பி வாய் கொப்பளித்து டீ குடித்தார். அடுத்த மின்வெட்டில் குளோசப். நானும் "ஆக்ஷன்" என்று ஜம்பமாகக் கத்தினேன். எடிட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஒரு ஷாட்டில் கன்னம் உப்புகிறது, அடுத்ததில் வற்றுகிறது, மறுபடி உப்புகிறது. பாசமாகப் பேசுகிற தாத்தா பல்வலிக்காரர் மாதிரி தெரிந்தார்.

எங்கள் குழுவில் ஒரு பெண் கன்டினியூட்டி நோட்டு எழுதினாள், ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்று குறித்து வைக்கிற நோட்டு. நாற்பது பக்க ரூல்டு நோட்டு. இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்று பெரிய பெயர்களை நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்ட பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அதுதான். பிரச்சினை வந்ததும் அதைத் திறந்து பார்த்தேன். "மாஸ்டர், டேக் 3: வெத்தல இடது கன்னம். துண்டு வலது தோள். டம்ளர் பாதி." எல்லாம் இருந்தது. இயக்குநராகிய நான் அதுவரை அந்த நோட்டை ஒரு தடவைகூடப் புரட்டவில்லை.

படத்தைக் காப்பாற்றியதும் அவள்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் அப்புச்சி அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கையை மட்டும் ரெண்டு நிமிசம் எடுங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி, எங்கள் கேமராமேன் சலித்துக்கொண்டே எடுத்தான். காய்த்துப்போன கட்டைவிரல், அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல். உப்பின கன்னத்துக்கும் வற்றின கன்னத்துக்கும் நடுவே அந்தக் கையை வைத்தேன். மார்க் போட வந்த தேர்வாளர்கள் அந்தக் கை ஷாட்டைத்தான் பாராட்டினார்கள், என்னைப் பார்த்து. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். டைட்டிலில் அவள் பெயர் "நன்றி" வரிசையில், எங்களுக்கு டீ கொடுத்த கடைக்கு அடுத்து வந்தது. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நம் பக்கத்துக்குச் சினிமா ஒன்றும் புதுசில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். 1935இல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள். ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. பிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் ஓடுவது நாலரை நிமிடம்தான். சுருளுக்குக் காசு, கழுவக் காசு. எதைக் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யாமல் யாரும் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு அந்தச் செலவு இல்லை, சந்தோஷம். முடிவு செய்கிற வேலையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். ஒரு கேமராதான் என்று விதி போட்ட அந்த வாத்தியார் பக்கம்தான் நான்.

அம்மிணியிடம் இதையெல்லாம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. திரும்ப எடுக்கிறார்களாம், ஒரே கேமராவில். "நோட்டு நானே எழுதறனுங் மாமா" என்றாள். என் கேமராவைத் தருகிறேன் என்றிருக்கிறேன்.

இடம்தான் வேண்டும். அந்த அப்புச்சி இப்போது இல்லை, அவர் தறிகளும் எடைக்குப் போய்விட்டன. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் யாருக்காவது ஓட்டுக் கூரை வீடோ குடோனோ இருந்தால், ஒரே ஒரு நாள் மட்டும் கொடுப்பீர்களா? மொத்தம் ஐந்து பிள்ளைகள், மத்தியானச் சோற்றை அவர்களே கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பக்கத்தில் தறி ஓடினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளாகப் பார்த்து வரச் சொல்கிறேன்.