அப்டேட்டுக்குப் பிறகு நெட் வரலையா? ரீசெட் பட்டனை இப்போதே தொடாதீர்கள்

விண்டோஸ் அப்டேட் ஆனதும் நெட் போயிடுச்சு என்று யார் கேட்டாலும் உடனே வரும் பதில், "நெட்வொர்க் ரீசெட் கொடுங்க". எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த ரீசெட் எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும். கையால் போட்டுவைத்த ஐபி முகவரியும், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பும் போகும். விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டி வரலாம். இத்தனைக்கும் பிறகு, கோளாறு டிரைவரில் (அடாப்டரை இயக்கும் மென்பொருளில்) என்றால் அதே டிரைவரே திரும்ப வந்து உட்காரும். தொடர்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்கலாமே.

முதலில் அதே வைஃபையைப் போனில் பாருங்கள், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு. போனிலும் வரவில்லை என்றால் அப்டேட் மேல் பழி போட வேண்டாம், ரவுட்டரைக் கவனியுங்கள். போனில் வருகிறது என்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் இல்லை, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுந்து வரும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்பவர் ஒரு தடவைகூடப் புதிதாகத் தொடங்கியிருக்க மாட்டார். 2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றுக்கு ஐபி கிடைக்காமல் போனபோது மைக்ரோசாஃப்ட் சொன்னதும் இதைத்தான்.

அப்படியும் வரவில்லையா? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். ஐபிவி4 வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் ipconfig /release என்று தட்டுங்கள். பிறகு அதேபோல் ipconfig /renew. 192.168 என்பதுபோல் ஒழுங்கான எண் இருந்தால் 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள்: ping 8.8.8.8 என்று தட்டினால், இணையத்தில் உள்ள அந்தக் கூகுள் சர்வர் பதில் சொல்கிறதா என்று தெரியும். பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அல்லது ப்ராக்ஸியில் (உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர்). செட்டிங்ஸில் ப்ராக்ஸி தானாக ஆன் ஆகி நிற்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். பிங்கும் போகவில்லை என்றால் ஆன்டிவைரஸின் ஃபயர்வால் மேல் சந்தேகப்படலாம். அதைத் தற்காலிகமாக நிறுத்துவது சில சமயம் போதாது. அடாப்டருக்குள் அது செருகிய ஃபில்டர் அப்படியே இருக்கும். முழுதாக நீக்கிவிட்டுப் பாருங்கள்.

ஐபிகான்ஃபிக்கில் வைஃபை அடாப்டரே இல்லை என்றால் கதை வேறு. பெரும்பாலும் டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரியுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இருமுறை சொடுக்கி, ஜெனரல் பக்கத்தில் என்ன பிழை எண் (Code) காட்டுகிறது என்று படியுங்கள். Code 10 என்றால் சாதனம் தொடங்கவே இல்லை. டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் அழுத்த முடிந்தால் அழுத்துங்கள், வேலை அங்கேயே முடியலாம். அது மங்கலாக இருந்தால் மனம் தளர வேண்டாம்: அப்டேட் டிரைவர் போய், கணினியிலேயே தேடுகிறேன் என்பதையும் அடுத்து பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்பதையும் தேர்ந்தெடுத்தால், ஒரே அடாப்டருக்கு இரண்டு மூன்று பதிப்புகள் தெரியலாம். தேதி பழையதை எடுங்கள். பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்க வேண்டும். நெட்டே இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வைஃபை டிரைவர் செத்திருந்தாலும் இந்த வழி பொதுவாகத் திறந்தே இருக்கும். ஏனோ இதை யாரும் சொல்வதே இல்லை.

இன்னொன்று: டாஸ்க்பாரில் உலக உருண்டை வந்து இன்டர்நெட் இல்லை என்று காட்டும், பிரவுசரோ நன்றாக ஓடும். விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சிறு சோதனைக் கோப்பைக் கேட்டுப் பார்த்துத்தான் அந்த ஐகானை முடிவு செய்கிறது. விபிஎன்னோ ஃபயர்வாலோ அதை மறித்தால் ஐகான் பொய் சொல்லும். அதற்காக எதையும் கழற்றாதீர்கள்.

அப்டேட்டே குற்றவாளி என்பதும் நடக்கிறதுதான். 2023 டிசம்பரில் கேபி5033375 (KB5033375) என்ற அப்டேட் ஏறிய விண்டோஸ் 11 கணினிகள் சில, கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இணைய மறுத்தன. வீட்டு வைஃபையில் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. இப்படி இடத்துக்கு இடம் மாறினால் டிரைவரைக் குடையாமல், அப்டேட் ஹிஸ்டரியில் போய்க் கடைசியாக வந்ததை நீக்கிப் பாருங்கள். விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் ரெகவரியில் கோ பேக் இருக்கும், ஆனால் வழக்கமாக 10 நாள்தான் கெடு. டிஸ்க் க்ளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் அதுவும் இல்லை.

இவை எதுவும் பலிக்காவிட்டால் அப்போது ரீசெட் கொடுங்கள், பாஸ்வேர்டுகளை எழுதி வைத்துக்கொண்டு. டிரைவரை மாற்றிச் சரிசெய்தவர்கள் மட்டும் அன்றைக்கே அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி (Pause) வையுங்கள். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக அதே டிரைவர் திரும்ப வந்துவிடும்.