ஒரு கட்டம்தானே, போட்டுவிடன் என்கிறவர்களுக்கு

இன்றைக்கும் அதே கதை. "தம்பி, வாடிக்கையாளர் விபரத்தில ஒரு கட்டத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கவேணும், அஞ்சு நிமிச வேலைதானே." இனி யாராவது என் முகத்துக்கு நேரே இந்த அஞ்சு நிமிசக் கதையை எடுத்தால் நான் பொறுமையாக நிற்கமாட்டேன்.

எக்சஸ் 2003 என்ற மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளில் யாரோ செய்து வைத்துவிட்டு வெளிநாடு போன பைல் அது. கட்டடப் பொருள் கடையின் முழுக் கணக்கும், சீமெந்து, கம்பி, பெயின்ற், யார் எவ்வளவு கடன், எல்லாம் அந்த ஒரே பைலுக்குள். அந்தப் பதிப்புக்கு மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அடையாள அட்டை இலக்கத்துக்கு 10 எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறது, பழைய அட்டையின் 9 இலக்கமும் கடைசி வி எழுத்தும் அதில் அளவாக அடங்கும். 2016 இலிருந்து கொடுக்கிற அட்டையில் 12 இலக்கம். அடங்காது என்றவுடன் ஒருவர் முன்னால் வருகிற 19 ஐ விட்டுவிட்டு அடிக்கிறார், இன்னொருவர் முழுவதையும் விலாசத்துக்குள் அடிக்கிறார், வேறொருவர் வெறுமையாகவே விடுகிறார். ரெலிபோன் இலக்கத்தையோ எண் வகையில் வைத்திருப்பதால் 021, 077 எல்லாவற்றிலும் முன் பூச்சியம் காணாமல் போகிறது.

சரி, பெருப்பிப்போம். ஆனால் அந்தக் கட்டம் இருக்கிற அட்டவணையை வேறு யாரும் திறந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்டது. "பத்து மணிக்கு எல்லாரும் மூடுங்கோ" என்று காலையிலேயே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து மணிக்குப் பார்த்தால் பூட்டுப் பைல் அப்படியே கிடக்கிறது. எல்டிபி என்று பக்கத்தில் உருவாகும் அந்தப் பைல், கடைசி ஆள் ஒழுங்காக மூடினால் தானாகவே அழிந்துவிடும். அழியவில்லை என்றால் யாரோ உள்ளே. அதை நோட்பாட்டில் திறந்தால் கொம்பியூட்டர்களின் பெயர்கள் தெரியும், ஆனால் வெளியே போனவரின் பெயரும் அதில் அப்படியே இருக்கும், ஆகவே யார் உண்மையில் உள்ளே என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காசாளர் தங்கச்சியிடம் போனேன். "நான் அப்பவே மூடிட்டன் அண்ணை." அவர் மூடவில்லை, கீழே சுருக்கி வைத்திருக்கிறார். மூடினேன். பூட்டு போகவில்லை. பின்னால் களஞ்சியத்துக்கு நடந்தேன், அங்கே திரை கறுத்துக் கிடந்தது, தட்டினால் இருப்புப் பட்டியல் திறந்தபடி. அதையும் மூடினேன். போகவில்லை. அப்புறம்தான் முதலாளி, மேலே மகன்ரை அறையில ஒரு லப்டொப் இருக்கு, அதிலயும் பார்க்கிறவன் என்றார். வைபையில்! இந்தப் பைலை வைபையில் திறக்க வேண்டாம் என்று நான் எத்தனை முறை தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். அறை பூட்டு. திறப்பு மகனிடம். அவர் யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கம் எங்கோ, போனை எடுக்கிறார் இல்லை. சேர்வர் பக்கத்திலிருந்து வலுக்கட்டாயமாகத் துண்டிக்கலாம்தான், ஆனால் அந்த நேரம் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பைல் பழுதாகும் என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பின்னேரம் வந்தார். "ஓ, அதோ?" என்று மேலே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நான் படியில் நிற்கவே பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்திவிட்டார். திரையில் மேல் மூலையில் மூடுகிற பெருக்கல் குறி ஒன்று இருக்கிறது, அதை அமத்த ஒரு செக்கன் போதும்!

கீழே வந்து திறந்தால், இது தரவுத்தளமாகவே தெரியவில்லை என்று பிழைச் செய்தி. பிரதி எடுத்து, சுருக்கித் திருத்தும் வேலையை ஓடவிட்டு, பைல் எழும்பியது. ஆனால் சில வரிகளில் பெயர் இருந்த இடத்தில் வெறும் குறிகள். அதில் ஒன்று ஒரு மேசனின் கணக்கு. கம்பிக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிற மனிசன், போன கிழமை கட்டின காசு கணக்கில் இல்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி அடிக்கட்டையைக் கண்டுபிடித்து மறுபடி பதிந்தேன். கண்டுபிடிக்காவிட்டால் அந்த மனிசனிடம் கட்டின காசை மறுபடி கேட்டிருப்போம். இதைத்தான் அஞ்சு நிமிச வேலை என்கிறீர்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அட்டவணைகளைத் தனிப் பைலாகச் சேர்வரில் வைத்து, படிவங்களை ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் ஒரு பிரதியாகக் கொடுக்கலாம், அது எக்சஸிலேயே முடியும். இன்னும் நல்லது, போஸ்ட்கிரெஸ் மாதிரிக் காசில்லாமல் கிடைக்கிற தரவுத்தள மென்பொருள் ஒன்றுக்குத் தரவை மாற்றுவது. கேட்டால் "இப்ப ஓடுதுதானே" என்று பதில். ஓடவில்லை ஐயா, நான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்! ஒரே ஆளின் பெயர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஒரு தடவை, யுனிகோடில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை என்று கடன் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது, தேடினால் ஒன்றுதான் அகப்படும். வற் வரியோ 2022 இல் 8 இலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது, அந்த வீதத்தை ஒவ்வொரு அறிக்கைக்குள்ளும் நேரே எழுதி வைத்திருப்பதால் 2021 பில்லை மறுபடி அச்சடித்தாலும் 18 வீதம் என்று வருகிறது. இதெல்லாம் கடையின் மானம். என்னுடைய பொழுதுபோக்கு இல்லை.

கட்டம் இன்னும் பெருப்பிக்கவில்லை. நாளைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நானே நெட்வேர்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்வேன்.

அதோடு, சைக்கிள் விடுகிற இடத்தில் சீமெந்து மூட்டை இறக்குகிறவர்களே, களைத்து வெளியே வந்தால் என் சைக்கிளை எடுக்க மூட்டை தூக்க வேண்டியிருக்கிறது. அதையும் இனிப் பொறுக்க ஏலாது.