வீட்டைப் பார்த்தீர்கள் சரி, வாய்க்காலைப் பார்த்தீர்களா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பர்மா தேக்குத் தூணையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரையும், ஆத்தங்குடிக் கல் தரையையும் தடவிப் பார்க்கிறார்கள். அப்புறம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சாயங்காலம் பஸ். ஊரைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

இது வானம் பார்த்த செம்மண் சீமை. வற்றாத ஆறு கிடையாது. வீடுகளுக்குக் கொட்டிய பணத்தைப் பற்றிப் பேசுகிற நாம், மழைத்தண்ணீருக்கு வழி செய்த அறிவைப் பேசுவதே இல்லை.

வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி ஓட்டுக்கூரை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழை பிடித்ததும் எங்கள் ஆயா (பாட்டி) உடனே பாத்திரம் வைக்க விடமாட்டார்கள். "கூரை குளிச்சு முடிக்கட்டும்" என்பார்கள். தூசியெல்லாம் கழுவிப் போன பிறகுதான் வளவில் அண்டா வரிசையாக உட்காரும். மிஞ்சுகிற தண்ணீர் தெருவோர வாய்க்காலில் இறங்கி, வரத்துக்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் மறுகால் பாய்ந்து கண்மாய்க்கு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற அத்தனை பெரிய வீட்டின் கூரைத் தண்ணீரும் இப்படித்தான் ஊர்ப்பொதுவானது. குடிக்க ஒரு ஊருணி, குளிக்க ஒன்று என்று பிரித்தும் வைத்திருந்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தால் திட்டு விழும்.

எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டபோது வாய்க்கால் வாயை அடைத்துவிட்டார்கள். அந்த ஐப்பசியில் தண்ணீர் வாசற்படி ஏறியது. ஊருணியோ முழங்கால் அளவுகூட நிறையவில்லை. ஒரே மழைதான். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் வரத்துக்கால் தூர்ந்த ஊரில் வீட்டுக்கு மட்டும் வெள்ளையடித்து என்ன காப்பாற்றப் போகிறோம்? சுற்றிக்காட்டுகிறவர்கள் கூரையில் தொடங்கி ஊருணிக்கரை வரை ஆட்களை நடத்திக் கூட்டிப்போங்கள். அரைமணி நேரம் போதும். முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிற நம் சொந்தங்கள் வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போது, வாசலில் ஓடுகிற வாய்க்காலையும் ஒரு கை பாருங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் எங்கள் தெரு அடைப்பை எடுத்தாக வேண்டும். மண்வெட்டியோடு வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.