அடுத்த பெயரும் காதில் விழ வேண்டுமே

பட்டமளிப்பு விழாவில் தங்கள் பிள்ளையின் பெயரை வாசித்ததும் கூச்சலிடும் பெற்றோரைத் தண்டிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன்; இது அதற்கான என் பதில். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, அமெரிக்கப் பள்ளிகள் அதையும் செய்து பார்த்துவிட்டன. 2007-ல் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளியில், அரங்கில் எழுந்த ஆரவாரத்துக்காக ஐந்து மாணவர்களின் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். கத்தியது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு! 2015-ல் மிசிசிப்பியின் செனடோபியாவில், பெயர் சொல்லிக் கத்திய உறவினர்கள் மீது அமைதியைக் குலைத்ததாக வழக்கே போட்டார்கள்; பிணைத்தொகை 500 டாலர். செய்தி நாடெங்கும் பரவிய பிறகு புகார் கைவிடப்பட்டது.

அதற்காகக் கத்துகிறவர்கள் பக்கம் நான் இல்லை. இங்கே என் அண்ணன் மகள் பட்டம் வாங்கிய விழாவில், ஒரு குடும்பம் ஏர் ஹார்னை அழுத்தியது. ஓசை அடங்குவதற்குள் அடுத்த பெண் கைகுலுக்கி, உறையை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அவளுடைய பாட்டியோ கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, "கூப்பிட்டுவிட்டார்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் வாசிப்பவர் இரண்டு நொடி பொறுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நேரம் போதாதென்றால் சிறப்பு விருந்தினர் உரையைக் குறைக்கலாம், யாரும் அழப்போவதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளியை முடித்த பிள்ளைக்கு ஒரு விசில்கூட அடிக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஹார்னை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

தன் பிள்ளை இறங்கியதும் குடும்பத்தோடு எழுந்து நடையைக் கட்டுகிறார்களே, அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?