இறைவனை நேரில் அறிந்தவர்கள் இருவர்

அச்சகத்தார்: வடிவமைப்பு இருக்கட்டும் தம்பி, இந்தத் தேர்தல் துண்டறிக்கைப் படத்தில் இருக்கும் மூவரில் வேட்பாளர் யார் என்று முதலில் சொல்லுங்கள்.

கட்சிக்காரர்: மூவருமே வேட்பாளர் இல்லை ஐயா. நடுவில் இருப்பவர் மடத்துச் சுவாமிகள், வலப்புறம் பங்குத் தந்தை, இடப்புறம் பள்ளிவாசல் இமாம். கீழே மூலையில் ஒருவர் கைகூப்பி நிற்கிறாரே, அவர்தான் எங்கள் வேட்பாளர்.

அச்சகத்தார்: நல்லவேளை கேட்டேன். படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் தம் விளம்பரத்தைச் சேர்த்துவிட்டார் என்று நினைத்து அதை வெட்டிவிட இருந்தேன்.

கட்சிக்காரர்: பெரியோர்கள் முன்னால் சிறியவராக நிற்பது அவருடைய பணிவு. ஐயாயிரம் பிரதிகள் நாளைக் காலைக்குள் வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடங்கித் தேவனாம்பட்டினம் வரை ஒரு வீடு விடாமல் கொடுக்கப் போகிறோம்.

அச்சகத்தார்: காகிதம் இருக்கிறது, மையும் இருக்கிறது, உங்கள் உறுதிமொழிப் படிவம்தான் இல்லை. தேர்தல் துண்டறிக்கை எதுவானாலும் அதை அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127ஏ பிரிவில் சொல்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சிடுபவன் நான், அதில் குழப்பமில்லை. வெளியிடுபவர் யார்?

கட்சிக்காரர்: அடியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோமே ஐயா.

அச்சகத்தார்: படித்தேன். "இவண், எல்லாம் வல்ல இறைவன்" என்று இருக்கிறது.

கட்சிக்காரர்: அது பக்தியினால் எழுதியது.

அச்சகத்தார்: பக்தியைக் குறை சொல்லவில்லை தம்பி, படிவத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். வெளியிடுபவர் இரண்டு படிகளில் கையெழுத்திட வேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் அதில் சான்றொப்பம் இட வேண்டும். அதில் ஒரு படியைத் துண்டறிக்கையோடு சேர்த்து நான் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஆகவே இறைவனை நேரில் அறிந்தவர்கள் இருவரை அழைத்து வந்தீர்கள் என்றால் இப்போதே இயந்திரத்தை ஓட்டிவிடலாம்.

கட்சிக்காரர்: படத்தில் மூவர் இருக்கிறார்களே! சட்டம் கேட்பதைவிட ஒருவர் கூடுதல்.

அச்சகத்தார்: இருக்கிறார்கள். ஆனால் முகவரிக் கட்டத்தில் மூவரும் மூன்று இடங்களை எழுதினால், ஆட்சியர் அலுவலகத்தில் இறைவனைக் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள்.

(கட்சிக்காரர் இதற்குச் சிரித்திருக்கலாம். அவர் உண்மையாகவே யோசித்தார் என்பதுதான் அச்சகத்தாரான எனக்கு எரிச்சலாக இருந்தது.)

கட்சிக்காரர்: பெயர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். வாசகத்தையாவது சரிபாருங்கள். "மும்மதப் பெரியோர்கள் ஆசி பெற்ற நம் வேட்பாளருக்கு வாக்களிக்கத் தவறுவோர் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவர்." எப்படி இருக்கிறது?

அச்சகத்தார்: ஓசை நயம் நன்றாக இருக்கிறது. ஆனால் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதை, அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு முறையற்ற செல்வாக்கு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேட்பாளர் சம்மதத்தோடு இது வெளிவந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால், வென்ற பிறகும் வெற்றி செல்லாமல் போகலாம்.

கட்சிக்காரர்: அப்படியானால் குற்றத்தை எடுத்துவிட்டு, "நம் மதத்தவருக்கே நம் வாக்கு" என்று போடுங்கள்.

அச்சகத்தார்: எந்த மதத்தவருக்கு? மேலே மூன்று இருக்கின்றனவே!

கட்சிக்காரர்: வாங்குகிறவர் எந்த மதமோ, அந்த மதம்.

அச்சகத்தார்: உங்களுக்காகவே உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்பாளருடைய மதத்தை மட்டுமல்ல, வாக்காளருடைய மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். அதிலும் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம்; அந்த மூவர் உங்கள் படத்தில் இருக்கும் மூவர் இல்லை.

கட்சிக்காரர்: சரி ஐயா, வாசகமே வேண்டாம், படம் மட்டும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வளாகத்திலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்திலும், பிரதோஷத்தன்று மடத்திலும் ஒரு சிறு கூட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அச்சகத்தார்: வழிபாட்டு இடத்தை அரசியலுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1988இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குப் போகக்கூடியவர்களில் முதலில் நிற்பவர் இடம் கொடுத்த நிர்வாகி. அந்த மீறலில் தொடர்புடைய மற்றவர்கள் அவருக்குப் பின்னால்தான். ஆசி வாங்கியதற்கு நல்ல காணிக்கை!

கட்சிக்காரர்: நீங்கள் என்ன, மதமும் அரசியலும் நேற்றுத்தான் சேர்ந்ததுபோல் பேசுகிறீர்கள்? நம் ஊரிலேயே அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்களே, அது அரசியல் இல்லையா?

அச்சகத்தார்: அரசியல்தான். புராணம் சொல்கிறபடி, அரசனின் காதில் சமணத் துறவிகள் ஓதினார்கள், அரசன் கல்லைக் கட்டிப் போடச் சொன்னான், அவர் கரையேறவிட்ட குப்பத்தில் வந்து சேர்ந்தார். அதன் பிறகு அதே அரசன் சைவனாகி, அப்போது பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்றிருந்த நம் திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியை இடித்து, இடித்த கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான். காதில் ஓதியவர்கள் மாறினார்கள். கடப்பாரை மட்டும் ஒரே கையில் இருந்தது.

கட்சிக்காரர்: பார்த்தீர்களா! பெரியோர் துணை இல்லாமல் ஆட்சி இல்லை.

அச்சகத்தார்: அந்தக் கோயிலின் பெயர் தெரியுமா உங்களுக்கு? குணபரவீச்சரம். குணபரன் என்பது அந்த அரசன், பல்லவன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். இடித்தாலும் கட்டினாலும் வெளியிடுபவர் நான்தான் என்று அவன் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். உங்களவர் ஒரு துண்டறிக்கைக்குப் பெயர் போட இறைவனை அனுப்புகிறார்.

கட்சிக்காரர்: இருங்கள், அவரிடமே கேட்கிறேன். (கைப்பேசியில்) வணக்கம் அண்ணே... ஆமாம் அண்ணே, ஒரு கையெழுத்துத்தான்... சரி அண்ணே. (அச்சகத்தாரிடம்) கையெழுத்து வேண்டாமாம் ஐயா. இன்னொரு பெரியவரின் ஆசி வேண்டுமானால் வாங்கித் தருகிறாராம்.

அச்சகத்தார்: நேரில் அறிந்தவரா?

கட்சிக்காரர்: யாரை?

அச்சகத்தார்: இறைவனை.

கட்சிக்காரர்: ஐயா, நீங்கள் சாமி கும்பிடாதவரா?

அச்சகத்தார்: தம்பி, 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' என்ற புயல் அடித்ததே, அன்று இந்த அச்சகத்தின் கூரைத் தகடு பறந்து எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. முதல் நாள் பள்ளிவாசல்காரர்கள் அண்டாவோடு வந்து கஞ்சி ஊற்றினார்கள். மறுநாள் பாதிரியார் ஒருவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்த மரத்தை வெட்டி வழிவிட்டார். மூன்றாம் நாள் மடத்திலிருந்து அரிசி வந்தது. அண்டாவில் யாருடைய படமும் ஒட்டியிருக்கவில்லை, அரிசிப் பையில் யாரும் கைகூப்பி நிற்கவில்லை. நாங்கள் அவர்கள்மேல் வைத்த நன்றி, பன்னிரண்டு மாதமும் சாக்கடை அள்ளாத ஒருவர் கணக்கில் வரவு வைப்பதற்காக அல்ல.

(சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.)

கட்சிக்காரர்: கையெழுத்தே இல்லாமல் இதை அச்சிட ஒரு வழியும் இல்லையா ஐயா?

அச்சகத்தார்: இருக்கிறது. கீழே மூலையில் நிற்பவரை எடுத்துவிட்டால் எந்தப் படிவமும் வேண்டாம்.

கட்சிக்காரர்: அவரை எடுத்துவிட்டால் பிறகு அது என்ன?

அச்சகத்தார்: நாட்காட்டி. நாள்தோறும் கிழிக்கிறதா, மாதம் மாதம் திருப்புகிறதா?